மோட்டாருக்கு ஒரு போன் நம்பர்

"யப்பா சத்யராஜு, உன் டேங்கு வழிஞ்சி என் மொட்ட மாடியில காயவச்ச மொளகா எல்லாம் மெதக்குது" என்றார் பக்கத்து வீட்டு அப்துல் சத்தார், போனில்.

சத்யராஜ் பட்டுநூல் முறுக்கும் பட்டறையில் இருந்தான். மோட்டாரை அவன் போடவில்லை. வீட்டில் போடுவதற்கும் ஆளில்லை. மனைவி சுகாசினி கோபித்துக்கொண்டு திருப்புட்குழியில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் இவன் முடிக்க விடமாட்டான். பாதியிலேயே ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுவான். "ரிப்பேரு பண்ணச் சொன்னனா? காது குடுத்துக் கேளுன்னு தானே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் தூக்கினாள்.

அவள் போன கொஞ்ச நாளில், தண்ணீர் ஏற்ற ஆளில்லையே என்று அவன் மோட்டாரில் மாட்டிய பெட்டிதான் இது. உள்ளே ஒரு சிம் கார்டு. போன் பண்ணினால் தானே எடுக்கும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும். பெட்டி ஒரு தடவை 'பீப்' என்று பதில் சொல்லும். இரண்டை அழுத்தினால் மோட்டார் நிற்கும். பதிலுக்கு இரண்டு 'பீப்'.

பொத்தான் பாஷை அவனுக்குப் புதிதில்லை. பட்டறையில் போனைக் காதில் அழுத்திக்கொண்டால் அவள் பேசுவது கேட்கும். இவன் பேசினால் அவளுக்கு வெறும் இரைச்சல்தான் போய்ச் சேரும். அதனால் அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்துவாள்; பதில் சொல்லு என்று அர்த்தம். இவன் ஒரு தடவை அழுத்தி அவள் காதில் ஒரு 'பீப்' கேட்டால் ஆமாம். இரண்டு தடவை என்றால் இல்லை. அந்தக் குடும்பத்தில் சண்டையில்லாமல் நடந்த பேச்சு அது ஒன்றுதான்.

பெட்டியில் போட்ட சிம், அவளுக்காகவே வைத்திருந்த பழைய நம்பர். அவள் போனதிலிருந்து அது அடிக்கவே இல்லை. எடுத்து எடுத்துப் பார்த்து, ஒருநாள் வயிறெரிந்து, "அடிக்காத நம்பரு எதுக்கு" என்று கழற்றிப் பெட்டிக்குள் செருகிவிட்டான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மோட்டாரை நிறுத்த அந்த நம்பருக்குப் போன் போட்டான். லைன் பிஸி.

"பாய், என் மோட்டாரு யார்கிட்டயோ பேசிக்கினு இருக்குது."

"பேசட்டும்பா. நீ சீக்கிரம் வா. என் வூட்டுக்காரி ஜோஹரா மாடியில தொடப்பத்தோட நிக்கிறா."

அரைநாள் லீவு போட்டு வந்து வயரை மாற்றினான். மறுநாளும் டேங்க் வழிந்தது. பெட்டியையே பிரித்து ரிலேவை மாற்றினான். இந்தத் தடவை தண்ணீர் கூரை விரிசலில் இறங்கி, பீரோவுக்குள் புகுந்து, சுகாசினியின் கல்யாணப் புடவையை நனைத்தது. ஈரப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அவள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று முதலில் நினைத்தான். வந்தால்தானே என்று அப்புறம் நினைத்தான்.

சத்தார் வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்தார், பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை.

"நீயே போயி கூட்டினு வாயேன்பா. அவ என்ன மோட்டாரா, இங்கேந்து பொத்தான அழுத்தறதுக்கு?"

"ஒரே ஒரு போனு பண்ணட்டும் பாய். அடுத்த பஸ்ஸுல போயி நிக்கிறேன். அவளாண்டேந்து ஒரு போனு வரணும், அவ்ளோதான்."

அந்த நேரம் பார்த்து அவனுடைய இன்னொரு நம்பர் அடித்தது. அலறிப் புடைத்துக்கொண்டு எடுத்தான். கடன் வேண்டுமென்றால் ஒன்றை அழுத்தவும் என்றது பதிவு செய்த குரல்.

சத்யராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தான்.

"இந்த விளம்பரக்காரனுங்கதான் பாய் என் மோட்டார போடுறானுங்க."

பெட்டிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதைத் தள்ளிவிட்டால் எந்த எண்ணை அழுத்தினாலும் மோட்டார் நிற்கும், ஓடாது. இரண்டு 'பீப்' வரும், அவ்வளவுதான். தள்ளிவிட்டான். மோட்டாரை இனி கையாலேயே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தான்.

மறுநாள் டேங்க் வழியவில்லை. அதற்கடுத்த நாளும் வழியவில்லை. ஜோஹரா புது மிளகாய் காயவைத்தாள். கூடவே ஒரு கிண்ணம் குருமாவும் கொடுத்தனுப்பினாள். ரொம்ப நாளைக்கப்புறம் சத்யராஜ் வயிறாரச் சாப்பிட்டான். நாம் கைவைத்தால் எதுதான் சரியாகாது என்று ஒரு நினைப்பு வேறு.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவன் டேனியல், சுகாசினியின் தம்பி. மாமா முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான்.

"தையல் மிஷினு, பீரோ, அக்கா துணிமணி. எல்லாத்தையும் எடுத்தாரச் சொல்லிச்சி."

சத்யராஜ் பின்னாலேயே உள்ளே ஓடினான்.

"ஒரு போனு பண்ணி சொல்லக்கூடாதா டேனியலு? இம்மா நாள்ல ஒரே ஒரு போனு பண்ணக்கூடாதா அவ?"

தையல் மிஷினைத் தூக்கப் போன டேனியல் அப்படியே நிமிர்ந்தான்.

"பண்ணாமயா மாமா? தெனம் பண்ணி, மனசுல இருந்தத எல்லாம் சொல்லிச்சி. நீங்களும் குறுக்க பேசாம கேட்டுக்கினு ஒவ்வொண்ணுக்கும் ஆமான்னு அழுத்தினீங்கன்னு எங்கக்கா எங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி சிரிச்சிது. வியாழக்கிழம, 'நான் வந்துரட்டுமா'ன்னு கேட்டதுக்குத்தான் ரெண்டு தடவ அழுத்திட்டீங்க."