அடுத்த வாரத்தார்

போகப் போகிறவர் என்று ஒரு மனித இனம் உண்டு. இவரைப் போகிறவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். போகிறவர் ஒருநாள் திடீரென்று கண்ணில் படமாட்டார். எங்கே என்று விசாரித்தால், "அவர் கிளம்பி ரெண்டு நாளாச்சே" என்பார்கள். போகப் போகிறவரை நீங்கள் தேடவே வேண்டாம். எப்போது எட்டிப் பார்த்தாலும் இருப்பார். வீட்டு முன்னால், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், ஒரு குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். "பயணம் எப்போ சார்?" என்று கேட்டுப் பாருங்கள். தலை நிமிராமலே பதில் வரும்: "அடுத்த வாரம்."

எங்கள் தெருவில் இருக்கிறவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது அவருடைய உண்மையான பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் தெருவே விழிக்கும். "அடுத்த வாரத்தார் வீடா? அப்படிச் சொல்லுங்க!" என்று பிறகுதான் கை காட்டுவார்கள். அந்த வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. முன்ஜென்ம வினை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்தித்தாளோடு வெளியே வந்தால் தீர்ந்தது கதை. அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்திவைத்து, நோயாளியின் நெஞ்சில் காது வைக்கும் டாக்டரைப் போலத் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருப்பார்.

"சார், ஒரு நிமிஷம் வாங்களேன். ஒரு சத்தம். கேக்குதா?"

"கேக்கலையே."

"உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தேன். என் முழங்கால் சொடுக்கியது மட்டும் கேட்டது.

"இப்போ?"

"ம்ஹும்."

"அதான் சார் எனக்கும் சந்தேகம். வரவேண்டிய சத்தம் வரல."

இந்த மனிதரிடம் என்ன பேச முடியும்? சத்தம் வந்தால் அது ஏன் வந்தது என்று ஒரு வாரம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு வாரம். நடுவில் மழைக்கோட்டு வரும். அதை வாங்கினால் போதுமா, பரீட்சை பண்ண வேண்டாமா? மழைதான் இல்லையே! எனவே கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, மனைவியின் கையில் தோட்டத்துக் குழாயைக் கொடுத்து, "எதிர்க்காத்து மழை மாதிரி அடி" என்றார். அந்த அம்மாள் அடித்தார். முன்னால் அடித்தார், பக்கவாட்டில் அடித்தார், "போதும், போதும்" என்று அவர் கத்திய பிறகும் காது கேட்காதவர் போல நெடுநேரம் அடித்தார். அந்தத் தம்பதி அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதாவது, தம்பதியில் ஒருவர்.

பிறகு உதிரி பாகங்கள். வழியில் கிளட்ச் கம்பி அறுந்தால்? ஒன்று வாங்கினார். அந்த ஒன்றும் அறுந்தால்? இன்னொன்று. டியூப், பல்பு, ஃபியூஸ், பிரேக் கட்டை, பிளக், அந்தப் பிளக்கைக் கழற்ற ஒரு கருவி, கருவி தொலைந்துபோனால் என்ன செய்வது என்று அதன் தம்பி ஒன்று. இன்னும் ஒரு வண்டிச் சட்டம் மட்டும் வாங்கிவிட்டால் வழியில் இரண்டாவது வண்டியையே பூட்டிவிடலாம் என்று நான் ஒருநாள் கிண்டலாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். அன்றிலிருந்து அவரிடம் நான் வாயைக் கொடுப்பதில்லை.

இதில் வேடிக்கை, இது தனிப் பயணம். "யாரும் கூட வேண்டாம் சார். நானும் ரோடும் மட்டும்தான்" என்பார், கண்ணை லேசாக மூடிக்கொண்டு. அந்தத் தனிமைக்காக அவர் கலந்து பேசாத ஆள் கிடையாது. மருந்துக்கடைக்காரரிடம் வழியில் வயிறு கெட்டால் என்ன என்று, தையல்காரரிடம் சட்டைக்குள் ஒரு ரகசியப் பை என்று, முடி வெட்டுகிறவரிடம் ஹெல்மெட்டுக்குத் தோதான வெட்டு என்று, அப்புறம் மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும். மெக்கானிக் நல்ல மனுஷன், உள்ளதைச் சொல்லிவிடுவார். "ஓடாத வண்டிக்கு ஆயில் மாத்தற ஒரே கஸ்டமர் இவருதான் சார். இவரு கிளம்பிட்டா கஷ்டம் எனக்குத்தான்" என்று என்னிடம் பெருமூச்சு விட்டார்.

அன்றாடக் காரியத்துக்கு அந்த வண்டி உதவுமா? கேட்கவே கூடாது. "என்னங்க, பால் தீந்துபோச்சு, ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க" என்று மனைவி சொன்னால், "வண்டி இப்போ தூரப் பயணத்துக்கு செட் ஆகியிருக்கு. பாலுக்கெல்லாம் எடுத்தா கெட்டுடும்" என்பார். அந்த அம்மாள் தன்னுடைய ஓட்டை ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டு போவார். இவர் வண்டி கெடவில்லை.

இத்தனையும் எங்கே போவதற்கு என்று நான் சொல்லவே இல்லையே! அக்கா வீட்டுக்கு.

அடுத்த வாரத்தாருக்கு ஒரே அக்கா. தாய் சீக்கிரம் போய்விட்டதால் அவரைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதே அவள்தான். கல்யாணமாகி நெடுந்தொலைவில், மலைமேல் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அந்த வீட்டில் தம்பி இதுவரை கால் வைத்ததில்லை. பஸ்ஸில் போகலாமே என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "பஸ்ல போறது போறதா சார்? அது கொண்டுபோய் விடறது. நான் போகணும்" என்றார். வண்டி வாங்கிய அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, முதல் பயணம் உன் வீட்டுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தாராம். பாவம், அவள் நம்பிவிட்டாள்.

அக்கா வாராவாரம் போன் செய்வாள். கையெல்லாம் எண்ணெயாக இருப்பதால் இவர் ஸ்பீக்கரில் போட்டு வண்டி சீட்டின்மேல் வைத்துவிட்டுப் பேசுவார், தெருவே கேட்கும்.

"கிளம்பிட்டியாடா?"

"அடுத்த வாரம்க்கா. பின் டயர்தான் யோசனையா இருக்கு."

"இப்பத்தானேடா புதுசா மாத்தினே?"

"மாத்தினேன்க்கா. உங்க ஊர் மண்ரோடாச்சேன்னு பட்டை டயரா போட்டேன்."

"இங்க தார் போட்டு ஒரு வருஷமாச்சேடா."

இவர் குரல் சன்னமாக வந்தது. "அப்போ பழைய டயர்தான் சரி. மறுபடி மாத்தணும்."

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு போன் வந்தது. அக்கா அன்றைக்கு டயரைப் பற்றியெல்லாம் விசாரிக்கவில்லை. "பையன் எங்களை அவனோடயே வந்து இருக்கச் சொல்லிட்டான்டா. மழை விட்டதும் வீட்டைக் காலி பண்றோம். கடல் தாண்டிப் போயிட்டா அப்புறம் எப்போ வருவேனோ, என்னவோ. அதுக்குள்ள வந்துடுடா. இந்த வீட்ல நீ ஒரு ராத்திரியாவது படுத்து எழுந்திருக்கணும்னு எனக்கு ஆசை."

"கண்டிப்பா வர்றேன்க்கா" என்றார் இவர். எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அதுவும் உண்மைதான், இந்த இனத்தாருக்கு அன்பில் குறைவென்று நான் சொல்லவில்லை.

இந்த முறை நாளே குறித்துவிட்டார். தெருவில் எல்லோரிடமும் சொன்னார். அதற்கு முந்தைய நாட்களில், சாமான் வைக்க வண்டியின் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள் பொருத்தப்பட்டன. இடது பெட்டி எவ்வளவு கனமோ வலது பெட்டியும் அவ்வளவே கனம் இருக்க வேண்டும் என்று தராசு கொண்டுவந்து, துண்டை இங்கிருந்து அங்கே, சோப்பை அங்கிருந்து இங்கே என்று மாற்றி மாற்றி வைத்தார். முற்றத்திலேயே எல்லாம் முடிந்தது. குறித்த காலையில் விடியும்போதே தெரு கூடிவிட்டது. நானும் பல்கூடத் தேய்க்காமல் ஓடினேன். மெக்கானிக் துக்கமான முகத்தோடு வந்து நின்றார்.

அடுத்த வாரத்தார் வெளியே வந்தார். ஜாக்கெட், கையுறை, முழங்கால் கவசம், முழங்கை கவசம், பூட்ஸ், ஹெல்மெட். உள்ளே மனிதர் இருப்பதற்கு அத்தாட்சி அவர் இருமியது ஒன்றுதான். வண்டிமேல் ஏறினார். ஸ்டாண்டிலிருந்து அது இறங்க மறுத்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளி இறக்கினோம். இஞ்சின் உறுமியது. கை தட்டினோம். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரத்தார் கம்பீரமாகக் கையசைத்து, கிளட்சை விட்டு, வாசல் கேட்டை நோக்கி வந்தார்.

டங்!

இடது பெட்டி இடதுபக்கத் தூணிலும், வலது பெட்டி வலதுபக்கத் தூணிலும் இடித்து வண்டி நின்றுவிட்டது. பின்னால் போய் மறுபடி வந்தார். மறுபடியும் டங். யானை போய் வால் மாட்டிக்கொண்டது என்பார்கள். இங்கே தலை மட்டும்தான் போயிருந்தது. டயரில் காற்றை அளந்தார், சங்கிலியின் தொய்வை அளந்தார், சோப்பைக்கூட எடை போட்டார். கேட்டின் அகலத்தை அளக்க மட்டும் மறந்துவிட்டார்.

"அவ்வளவுதானே, பெட்டியைக் கழட்டி வெளியில வெச்சு மாட்டிக்கலாம் சார்" என்றேன் நான். யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. ஹெல்மெட்டின் கண்ணாடி மெல்ல மேலே போயிற்று.

"கழட்டினா பேலன்ஸ் போயிடும் சார்" என்றார் வேதனையோடு. "கேட்டைத்தான் பெரிசு பண்ணணும்."

"கேட்டை மாத்தறதுக்கு ஆளை மாத்திடலாம்" என்று பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. மனைவிதான். தெரு சிரித்தது, அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

கேட்டு வேலை தொடங்கியது. தூணை இடிக்கக் கொத்தனார் வந்தார், புதுக் கதவுக்கு வெல்டர் வந்தார், என்ன வண்ணம் அடிப்பது என்று அடுத்த வாரத்தார் வீடு வீடாகக் கருத்துக் கேட்டு வந்தார். ஒருநாள் நான் நிமிர்ந்து பார்த்தேன். வானம் வெளுத்திருந்தது. மழை எப்போதோ விட்டுவிட்டது. அக்கா சொன்ன கெடு அதுதான்.

அதற்குச் சில நாள் கழித்து, பஸ் நிலையத்திலிருந்து வருகிற வழியில், தோளில் ஒரு துணிப்பையோடு ஓர் அம்மாள் நடந்து வந்தார். நரைத்த தலை, கொஞ்சம் வீங்கிய பாதங்கள். அகலமான புதுக் கேட்டுக்கு முன்னால் நின்று, "டேய்!" என்று கூப்பிட்டார்.

முக்காலி கவிழ்ந்தது. "அக்கா! நீ எப்படி வந்தே?"

"எப்படி வருவாங்க? பஸ் ஏறினேன், வந்தேன். நாளான்னிக்கு எங்களுக்குப் பிளேன். உன்னைப் பாக்காம எப்படிடா போறது?"

அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான் என் வாசலில் நின்று, பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க அந்த வீட்டில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. கிளம்பும் நேரத்தில் அக்கா அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, போனிலேயே அறிமுகமான உறவுக்காரர்களை நேரில் பார்ப்பது போலப் பெயர் சொன்னாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்.

"இதுலயே என்னை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டுடேன்டா. ஒரு தடவை உன் பின்னாடி உக்காந்து போறேன்."

அடுத்த வாரத்தார் தலை குனிந்தார். "பின் சீட்டைக் கழட்டிட்டேன்க்கா. தனியாத்தானே போகப் போறோம்னு..."

"பரவாயில்லடா. நீ வந்தா என்ன, நான் வந்தா என்ன, பாத்தாச்சு" என்று அக்கா அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"வாங்க அண்ணி, நான் கொண்டுபோய் விடறேன்" என்று மனைவி தன்னுடைய ஓட்டை ஸ்கூட்டரை உதைத்தார். ஐந்தாவது உதையில் அது கிளம்பியது. அக்கா பின்னால் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். தெருக்கோடி திரும்புகிறவரை திரும்பித் திரும்பிக் கையாட்டினாள்.

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை கிண்டல் செய்திருந்தாலும் மனுஷன் மனுஷன்தானே! தெருவைக் கடந்து போய் அவர் தோளில் கை வைத்தேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"சார், வண்டியைக் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோகலாமாம். உப்புக்காத்துக்குத் துரு பிடிக்காம ஒரு பூச்சு அடிக்கணும். அதை மட்டும் முடிச்சுட்டா, அடுத்த வாரம்..."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். உங்களிடம் மோட்டார் சைக்கிளே இல்லை. கையில் இருக்கிற வேலை முடியட்டும், வெயில் தணியட்டும், முட்டிவலி குறையட்டும், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று யாரையாவது பார்க்கப் போவதைத் தள்ளிக்கொண்டே வருகிறவரா நீங்கள்? சேச்சே. ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் ஒரு முகம் வந்து போயிற்றே, அது யாருடையது? எனக்குச் சொல்ல வேண்டாம். இந்த வாரம் கொஞ்சம் கஷ்டம் என்று இப்போது உங்களுக்குள்ளேயே ஒரு குரல் சொல்லுமே, அது சொன்னால் அவசரப்படாதீர்கள், மெதுவாகவே ஏற்பாடு செய்யுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பஸ் ஏறி வருகிற அக்கா எல்லோருக்கும் வாய்க்கமாட்டாள்.