மோச்சி சொன்ன நாலு நம்பர்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். அக்காவோட பூனை மோச்சியைக் குளிப்பாட்ட, மலேசியாவுல எங்க செமோர்ல இருந்து ஈப்போ டவுனுக்குக் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான்.

பூனையைக் குளிப்பாட்டக் கடையா? அது தன்னைத்தானே நக்கிக்காதா? அதைத்தான் நானும் கேட்டேன்.

"இது முடியே இல்லாத ஜாதிடி. வாரம் ஒரு தடவை குளிக்கலைன்னா தோல்ல பிசுக்கு ஏறிடும்"னா அக்கா.

ஈப்போவுல இப்ப புடவை மாதிரி பூனைக்கும் ஃபேஷன் மாறுது. நான் ஸ்கூல் படிக்கிறப்போ எல்லார் வீட்டுலயும் புசுபுசுன்னு பெர்சியன். அப்புறம் காது மடிஞ்ச பூனை. அப்புறம் கால் குட்டையான பூனை. எதிர்வீட்டு அங்கிள் சைபீரியா நாய் வாங்கி, அதை ஏர்கான் ரூம்ல படுக்க வச்சுட்டு, தான் வாசல்ல பேப்பரால விசிறிக்கிட்டு உக்காந்திருக்கார். இப்ப முடியே இல்லாததுதான் உச்சம். பூனைகிட்ட ஒவ்வொண்ணா குறையக் குறைய விலை ஏறுது!

"இல்லாத முடிக்கு எதுக்குக்கா காசு குடுத்தே?"

அக்கா பல் டாக்டர். எதிராளியைப் பேசவிடாம வைக்கிறதுதான் அவ தொழிலே.

"நான் பினாங்குல கோர்ஸ் முடிச்சு நாளைக்குக் காலையில வருவேன். மோச்சி முழுசா இருந்தா, என் பழைய கார் இந்த செமஸ்டர் முழுக்க உனக்கு. அவன் மேல ஒரு கீறல் விழுந்துச்சு, நீ பஸ்தான்."

எங்க கேம்பஸுக்கு ரெண்டு பஸ் மாறணும். முதல் பஸ் போய்ச் சேரும்போது ரெண்டாவது பஸ் டாட்டா காட்டிட்டுப் போயிட்டிருக்கும். அதனால சரின்னுட்டேன்.

அக்கா வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது, நாலு நம்பர் அமுக்குற பூட்டு. அமுக்கிப் பூட்டிட்டு, மோச்சியைக் கூண்டுல வச்சு, அந்தப் பழைய கார்லயே கெளம்பினேன். கார் ஏர்கான்ல குளிருமாம், அக்கா அவனுக்கு மஞ்சள் பனியன் வேற மாட்டிவிட்டிருந்தா.

பாதி வழியில மோச்சி கூண்டுக்குள்ளயே போயிட்டான். ஒண்ணு இல்லை, ரெண்டும்!

அந்த நாத்தத்துல ஈப்போ வரைக்கும் உயிரோட போக முடியாது. பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்துல காரை ஓரம் கட்டினேன். தோட்டத்தை வித்து வரிசையா வீடு கட்டிட்டாங்க. முனியாண்டி கோயிலும் மரமும் மட்டும் அப்படியே இருக்கு. பக்கத்துல நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, விக்கிற ஒரு கடை. கடைக்கார ராஜம்மா அக்காகிட்ட டிஷ்யூ வாங்கிட்டு வந்து கூண்டைத் திறந்தேன்.

அதுதான் தப்பு.

ஒரே பாய்ச்சல்! மோச்சி நேரா கோயிலுக்குள்ள போய், முனியாண்டி காலடியில குளுகுளுன்னு இருந்த சிமெண்டுல உக்காந்துட்டான். மஞ்சள் பனியன். நெத்தி முழுக்க சுருக்கம். பாதி மூடின கண்ணு. எனக்கே ஒரு நிமிசம் கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு. கும்பிடலை. கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல!

ராஜம்மா அக்கா கையில இருந்த கரண்டி கீழ விழுந்துச்சு.

"ஐயோயோ! அப்படியே நம்ம கிராணி ஐயா மூஞ்சிலா!"

கிராணின்னா தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுறவர். அந்த ஐயா செத்துப் பல வருசம் ஆச்சாம். சத்தம் கேட்டு, கோயிலைப் பாத்துக்கிற மணியம் அண்ணே ஓடி வந்தார். மோச்சியை உத்துப் பாத்தார். தலையில இருந்த தொப்பியைக் கழட்டினார்.

"ஐயா, எப்ப வந்தீங்க?"

"அண்ணே, அது பூனை."

"பூனைன்னா முடி எங்கம்மா?"

"முடி இல்லாத ஜாதிண்ணே!"

"கிராணி ஐயாவுக்கும் முடி கிடையாது."

நான் யூனிவர்சிட்டி விவாதக் குழுவுல இருக்கேன். மூணு மாநிலத்துல மேடை ஏறியிருக்கேன். இந்த மாதிரி ஒரு வாதத்தை எங்கேயும் சந்திச்சதில்லை.

அதுக்குள்ள ராஜம்மா அக்கா கேட்டாங்க: "இன்னைக்கு சனிக்கிழமைதானே?"

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். இங்க சனிக்கிழமை சாயங்காலம் நாலு நம்பர் லாட்டரி குலுக்கல். பிடிச்ச நம்பர் மேல காசு கட்டுறதுக்குப் பேர்தான் 'நம்பர் எடுக்கிறது'. கார் மோதினா கார் நம்பரை எடுப்பாங்க. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா வீட்டு நம்பரை எடுப்பாங்க. அதிசயத்தைப் பாத்தா மத்தவங்க பயப்படுவாங்க, நம்ம ஆளுங்க பேனா தேடுவாங்க.

எனக்குக் கோவம் வந்துருச்சு.

"இதெல்லாம் ஜீன் சம்பந்தப்பட்டது! இது பிறந்து ஏழு மாசம்தான் ஆகுது!"

"ஏழு"ன்னு மணியம் அண்ணே சிகரெட் அட்டையில எழுதினார்.

"எழுதாதீங்கண்ணே! இந்த ஜாதி கனடாவுல பிறந்தது! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறுல!"

மணியம் அண்ணே பேனா அட்டையில ஓடுச்சு: ஒண்ணு, ஒன்பது, ஆறு, ஆறு.

"நாலும் முழுசா வந்துருச்சு"ன்னாங்க ராஜம்மா அக்கா. கண்ணெல்லாம் கலங்கிருச்சு.

பத்து நிமிசத்துல மோட்டார் சைக்கிளா வந்து குவிஞ்சது. எனக்கு ஒரு போன் பண்ணினா யாரும் எடுக்க மாட்டாங்க, இந்தச் செய்தி மட்டும் எப்படித்தான் பரவுதோ! ஒரு சீன அங்கிள் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம வந்து, நல்ல தமிழ்ல கேட்டார்: "தங்கச்சி, பூனை என்னா நம்பர் சொல்லுச்சு?"

"பூனை பேசாது அங்கிள்!"

"தெரியும். என்னா நம்பர்?"

நான் செருப்பைக் கழட்டி வச்சுட்டு மோச்சியைத் தூக்கப் போனேன். மணியம் அண்ணே குறுக்க வந்து நின்னுட்டார்.

"உயிரோட இருந்தப்ப இந்த மனுசன் யாருக்கும் ஒண்ணும் குடுத்ததில்லை. ரப்பர் பால் நிறுக்கிறப்போகூட கிலோவைக் குறைச்சுத்தான் எழுதுவாரு. இப்பவாவது ஒரு நம்பர் குடுக்கட்டும். அப்புறம் தாராளமா கூட்டிட்டுப் போ."

"அதான் நான் ஒரு நம்பர் சொல்லிட்டேனே!"

"அது நீ சொன்னது. நீ படிச்ச புள்ள. உன் நம்பர் எப்படிம்மா விழும்?"

பட்டம் வாங்குறதுக்கு முன்னாடியே என் பட்டத்துக்கு இவ்வளவுதான் மரியாதை.

ராஜம்மா அக்கா மோச்சி நெத்தியில பெருசா குங்குமம் வச்சாங்க. முடி இல்லாததால நல்லா ஒட்டிக்கிச்சு. யாரோ முனியாண்டிக்கு வாங்கி வச்ச சுருட்டைப் பத்த வச்சு அவன் முன்னாடி நிறுத்தினாங்க. மோச்சி தும்மினான்.

"ஒரு தும்மல். ஒண்ணு!"

மறுபடி தும்மினான்.

"அடிச்சிட்டு ரெண்டுன்னு எழுது!"

அப்பதான் கூட்டத்துல ஒருத்தர், "தேங்காயை உடைச்சாத்தான் ஐயா வாயைத் திறப்பாரு"ன்னு தேங்காயோட முன்னாடி வந்தார். கையைத் தலைக்கு மேல ஓங்கிட்டார்!

தேங்காய் சிதறும். சிதறினா மோச்சி மேல படும். பட்டா கீறல். கீறல்னா பஸ்!

"நிறுத்துங்க!"ன்னு கத்தினேன். "சொல்றார்! ஐயா சொல்றார்!"

சத்தியமா நான்தான் கத்தினேன். கண்ணை மூடிக்கிட்டு மோச்சி வாய்கிட்ட காதைக் கொண்டு போனேன். பசியில "ம்யா"ன்னான். கூட்டம் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுச்சு.

ஏதாவது நாலு நம்பர் சொல்லணும். மூளையில ஒண்ணும் இல்லை. என் விரலுக்கு மட்டும் ஒரு நாலு நம்பர் ஞாபகம் இருந்துச்சு. காலையில அக்கா வீட்டுக் கதவுல அமுக்கினது. அதைச் சத்தமா சொல்லிட்டேன்.

கண்ணைத் திறந்தா ஒரு ஆள் இல்லை! தேங்காய்க்காரர் தேங்காயை அப்படியே போட்டுட்டு நம்பர் எடுக்க ஓடிட்டார். ராஜம்மா அக்கா கடையைக்கூட மூடலை. இத்தனை வருசம் மேடையில பேசியிருக்கேன், என் பேச்சைக் கேட்டு ஜனங்க இவ்வளவு வேகமா செயல்ல இறங்கினது இதுதான் முதல் தடவை.

ஈப்போவுல குளிப்பாட்டுற கடைப் பொண்ணு மோச்சி நெத்தியைப் பாத்து அசந்துட்டா. "இந்தச் சிவப்பு பிறவியிலேயே இருக்கா? ரொம்ப அபூர்வமாச்சே!" குட்டைக்கால் பூனையோட காத்திருந்த ஒரு ஆன்ட்டி எட்டிப் பாத்து, "இது எங்க கிடைக்கும்?"னாங்க.

எனக்கு வாதாட வாயில தெம்பு இல்லை. "முனியாண்டி ஜாதி, ஆன்ட்டி. செமோர்ல மட்டும்தான்"னுட்டேன். அவங்க குறிச்சு வச்சுக்கிட்டாங்க.

ஞாயிறு காலையில அக்கா வந்தா. மோச்சியைத் தலையில இருந்து வால் வரைக்கும் தடவிப் பாத்தா. ஒரு கீறல் இல்லை. நான் கையை நீட்டினேன், கார் சாவிக்கு.

அந்த நேரம் பாத்து குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு வீடியோ வந்துச்சு. 'செமோர் அதிசயம், ஆறுதல் பரிசு விழுந்தது'ன்னு தலைப்பு. அதுல மஞ்சள் பனியன் போட்ட ஒரு பூனை. பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு நம்பர் கத்துற ஒரு பைத்தியம். நான்தான்.

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பாத்தா.

"இது என் வீட்டுக் கதவு நம்பர்."

"சாரிக்கா, பூட்டை மாத்திடலாம்..."

"பூட்டு கெடக்குது! தினம் பத்துத் தடவை நானே அமுக்குற நம்பர்டி! ஒரு தோட்டமே எடுத்திருக்கு! கூடப் பொறந்த அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட உனக்குக் கை வரலையா?"

"அக்கா, நீ டாக்டர்!"

"ஏன், டாக்டர் நம்பர் எடுக்கக் கூடாதா?"

கீறல் இல்லைன்னா கார் தரணும், அதுதானே ஒப்பந்தம்? அரை மணி நேரம் ஆதாரத்தோட வாதாடினேன். மோச்சியையே சாட்சிக்கு நிறுத்தினேன். அக்கா சாவியைத் தூக்கிக் கைப்பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டா.

இதைப் பஸ்ல இருந்துதான் எழுதுறேன். பஸ் நம்பர் என்னன்னு யாரும் மெசேஜ் போடாதீங்க, அதை நான் ஏற்கெனவே எடுத்துட்டேன்.