இரவல் மாமா

மலாயா மண்ணில் கோபித்துக்கொள்வதையே முழுநேரத் தொழிலாகச் செய்த ஒரே மனிதர் எங்கள் இரவல் மாமாதான். லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் அவர் பார்த்த உத்தியோகம் என்னவோ புல்லுக்கு மருந்தடிப்பது. அது மத்தியானத்தோடு முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் யார் மீதாவது கோபம்.

அவர் எங்களுக்கு வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அக்காவுக்கும் ஒரே நாளில் காது குத்த ஏற்பாடு. அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். அம்மாவோ தாய் தகப்பன் இல்லாமல் தோட்டத்தில் யார் யார் வீட்டிலோ வளர்ந்தவள். கூடப் பிறந்தவர்கள் என்று ஒருவரும் கிடையாது. ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார், நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மடியைத்தான் காணோம். கோயில் பூசாரி விறுவிறுவென்று வெளியே போனார். தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த ஓர் ஆள் முதுகில் மருந்துப் பம்போடு வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். பூசாரி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

"கொஞ்ச நேரம் உக்காருங்க லா. காது குத்துனதும் எந்திரிச்சுப் போயிரலாம்."

எங்கள் ஆட்கள் செய்த தப்பு அதுதான். குடத்தை இரவல் வாங்கலாம், நாற்காலியை இரவல் வாங்கலாம். மாமனை இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது. உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. அவருக்கும் சொந்தமென்று யாரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். முதல் இலை மாமனுக்குப் போடவில்லையாம். சோற்றைத் தொடாமல் வெளியே போய்ப் பலாமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"காது குத்த மடி வேணும், சோறு போட மாமன் வேணாமா?"

மாமன் கோபித்துக்கொண்டு போனால் சடங்கு நிறையாது என்பார்கள். வேறு வழியில்லாமல் அம்மா போய்க் கூப்பிட்டாள். வந்தார். அப்பாவை உரிமையோடு "மச்சான்" என்று அழைத்து, பாயசத்தில் முந்திரி பற்றாது என்று அறிவித்தார்.

அதற்குப் பிறகு தீபாவளி, பொங்கல் ஒன்று தவறாது. எனக்கு முழங்கால் வரை தொங்கும் சட்டை, அக்காவுக்கு மினுமினுப்பு வளையல், கூடவே ஒரு புது மனஸ்தாபம். அம்மா அவரை அண்ணன் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பதோடு சரி. அவர் தலை மறைந்ததும், "ஒரு நா மடிக்கு வந்த ஆளு, ஆயுசு பூரா அதிகாரம் பண்ணுது," என்று புலம்புவாள்.

அக்கா வயதுக்கு வந்தபோது பச்சை ஓலைக் குடிசை கட்டுவது மாமன் பொறுப்பு. தென்னை ஓலை வெட்ட வேண்டுமானால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை கிராணியிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மாமன் போய்க் கெஞ்சுவதா? கோபம் வந்துவிட்டது. அப்போதுதான் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். நேராகப் போய்ச் செம்பனை மட்டைகளை வெட்டி வந்து, அந்த முள்ளோடு குடிசை கட்டிவிட்டார். அக்காவை உள்ளே கொண்டுபோய் உட்கார வைப்பதற்குள் ஆரத்தி எடுக்க வந்த பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தக்காயம்.

"கத்தாதீங்க! கெட்டது ஒண்ணும் இதத் தாண்டி உள்ள வராது," என்றார்.

வந்தது. அப்பா காமாலையில் போய்ச் சேர்ந்தார். எழுபதுகளின் கடைசியில் அக்காவை ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணத்தில் மாமாவின் கோபத்தைத் தணிக்க மாப்பிள்ளை வீட்டார் மாற்றி மாற்றிக் காலில் விழாத குறை. அதெல்லாம் இப்போது நினைத்தால் நல்ல காலம்.

மாப்பிள்ளை சம்சுச் சாராயம் குடிப்பான். குடித்தால் அடிப்பான். குடிக்காவிட்டால், குடிக்கக் காசில்லையே என்று அடிப்பான். அம்மாவுக்குத் தெரியும். "பொம்பளப்புள்ள, அனுசரிச்சுத்தான் போவணும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுவாள். ஏனென்று கேட்க அப்பன் இல்லை, நான் மீசை முளைக்காதவன். மாமாதான் தன் ஓட்டை மோட்டார் சைக்கிளில் ஒரு தார் வாழைப்பழத்தைக் கட்டிக்கொண்டு மாதாமாதம் போய் வருவார்.

ஒருமுறை அக்காவின் கண் வீங்கிக் கறுத்திருந்தது.

"கதவுல இடிச்சுக்கிட்டேன் மாமா."

"எந்தக் கதவு? காட்டு."

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் இருந்ததே இரண்டு கதவுகள். இரண்டையும் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு வாசலில் நின்று லயமே கேட்கும்படி, "ஏன் மாப்ளே, இந்தக் கதவுக்கு எம் மருமவ மேல அப்படி என்னா கோவம்? பேசாம வெட்டி அடுப்புல வச்சிருவோமா?" என்றார்.

லயம் சிரித்தது. மறுநாளிலிருந்து மாப்பிள்ளைக்குக் 'கதவு' என்றே பெயர். மாமா வெற்றி வீரராகத் திரும்பி வந்து எங்களுக்கு நடித்தெல்லாம் காட்டினார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் ஊர் சிரித்த சிரிப்புக்கும் சேர்த்து அக்காதான் வாங்கினாள். அடுத்த மாதம் அவர் போனபோது அவள் கை முறிந்து கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது.

அன்று அவர் கத்தவில்லை. வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "மாப்ளே, ஏழாம் மாசம் வளகாப்பு. தாய் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

"அவ முழுகாமலே இல்லியே!"

"அதனால என்னா? எங்க வழக்கத்துல முன்கூட்டியே போட்டுருவோம்."

மாப்பிள்ளை விரல்விட்டு மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தபோதே அக்கா இறங்கி வந்து மோட்டாரில் ஏறிக்கொண்டாள். அவனுக்குப் புத்தி தெளிந்ததும் அவனும் அவன் தம்பியும் விறகுக்கட்டையோடு பாய்ந்தார்கள். மாமா திருப்பி அடிக்கவில்லை. கையை எடுத்தால் மோட்டார் சாயும், முறிந்த கையோடு அக்கா விழுவாள். அதனால் இரண்டு கையாலும் பிடியை இறுக்கிக்கொண்டு முதுகையும் விலாவையும் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் விலக்கிவிடும்வரை அப்படியே நின்றார்.

அடியில் ஒரு கண் வீங்கி மூடிக்கொள்ள, லுக்குட் வரை ஒற்றைக் கண்ணால் ஓட்டி வந்திருக்கிறார். எங்கள் வாசலில் அக்கா இறங்கிய பிறகுதான் சரிந்து உட்கார்ந்தார்.

"ஒரு கோப்பித்தண்ணிகூட குடுக்கல தங்கச்சி. மரியாத தெரியாத வூடு," என்றார். பேசும்போது வாயில் ரத்தம்.

மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடுவார்களா? அவர்கள் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரை முன்னால் விட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடியது. மண்டோர் எடுத்த எடுப்பில் மாமாவைக் கைகாட்டினார்.

"தாய்மாமன் கூட்டியாந்தா அது மொற. நாங்க ஒண்ணும் பேச மாட்டோம். யாரோ ஒரு ஆளு, அடுத்தவன் பொண்டாட்டிய மோட்டார்ல ஏத்திட்டு வந்தா அதுக்குப் பேரு வேற. இவரு ஒனக்கு ரத்த சொந்தமா? சூடம் அணச்சு சத்தியம் பண்ணும்மா. இல்லன்னா பொண்ண இப்பவே ஏத்தி அனுப்பு."

அம்மாவின் பயபக்தி தோட்டம் அறிந்தது. அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் வம்சம் விளங்காது என்று நம்புகிறவள். அக்கா தூணோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். திருப்பி அனுப்பினால் அடுத்த முறை அவளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாமா தலையைக் குனிந்து, "வேணாம் தங்கச்சி. எனக்காவ சத்தியம் வேணாம்," என்றார்.

அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்த அதே பூசாரிதான் சூடத்தை ஏற்றினார். அம்மா நடந்து போய் எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"இவரு எங்கூடப் பொறந்த அண்ணன்."

காதுகுத்துச் சோறு தின்ற அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். பொடிசுகளுக்குக்கூட அவர் இரவல் மாமா. ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, வாய் திறக்கவில்லை. என் தோட்டத்து ஜனங்களை நினைத்து நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவது அதற்காகத்தான். மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா எங்களோடு தங்கினாள். பிறகு சிரம்பான் தொழிற்சாலையில் வேலைக்குப் போய் நிமிர்ந்தும்விட்டாள்.

அதைப் பார்க்க மாமா இருக்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே இருமி இருமி ரத்தமாகக் கக்கினார். விலாவில் விழுந்த அடியா, முகத்தில் துணிகூடக் கட்டாமல் வருஷக்கணக்காக அடித்த மருந்தா என்று கேட்டதற்கு, இரண்டும்தான் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும், "கஞ்சில உப்பில்ல," என்று தட்டைத் தள்ளினார். "நான் ஊட்டுறேண்ணே," என்றாள் அம்மா. ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். இரண்டு நாளில் போய்விட்டார். மருமகன் என்ற உரிமையில் நான்தான் கொள்ளி வைத்தேன். அன்று அழுததுபோல் அப்பாவுக்குக்கூட நான் அழவில்லை.

வெகுகாலம் கழித்து ஒருநாள், "ஏம்மா, அம்மன் முன்னாடி அப்படி ஒரு பொய்யச் சொன்னியே, பயமா இல்லியா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"என்னாடா பொய்யி?" என்று சீறினாள். "நான் பொறந்தப்ப எங்கண்ணன் வேற தோட்டத்துல இருந்துச்சு. அவ்வளவுதான்."