பொட்டலங்களுக்கு வழி விடுங்கள்

மூன்று மணிக்கு நம் தெரு ஸ்டோர்கீப்பர் தன் மனைவியை அடுத்த அறையில் உட்காரவைத்து வீடியோ கால் ஒத்திகை பார்த்தார். திரையில் அவள் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றாள். இருபது வருடத்தில் அவள் பேச்சு பாதியில் நின்றது அன்றுதான். ஆனால் மனிதர் ரசிக்கிற நிலையில் இல்லை.

கிடங்கு வேலை போய் ஏழு மாதம். பெயிண்ட் கம்பெனியில் போன வாரம் நேரில் பார்த்துப் பேசிவிட்டு, "புதன்கிழமை நாலு மணிக்குத் தொடர்புகொள்வோம்" என்று கடிதம் போட்டிருந்தார்கள்.

"கடைசி ரவுண்டு மாமா. வீடியோவுலதான் வருவாங்க" என்று மச்சான் அடித்துச் சொல்லிவிட்டார். மச்சானுக்கும் வேலை இல்லை என்பது வேறு விஷயம்.

மொபைல் கடைக்கு ஓடினார்.

"டேட்டா பொட்டலம் பொட்டலமாத்தான் போகும் சார்" என்றார் கடைக்காரர். "உங்க முகத்தைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் விலாசம் எழுதி அனுப்புது. டவர் ஒண்ணுதான். தெருவே அதுல வரிசை நிக்குது. பக்கத்து வீட்ல படம் பார்த்தா உங்க மூக்கு லேட்டாத்தான் போய்ச் சேரும்."

"அவங்க எல்லாரும் அணைச்சுட்டா?"

"அப்புறம் என்ன, வழி பூரா உங்களுக்குத்தான்!"

வீடு வீடாக ஏறி இறங்கினார். "நாலுலேருந்து நாலரை வரைக்கும் டேட்டாவை அணைச்சிடுங்க. என் பொழைப்பே இதுலதான் இருக்கு."

நம் தெருவுக்கு வாய் நீளமே தவிர மனசு மோசமில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் கிடங்கில் சரக்கைச் சரிபார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வீட்டிலும் தன் நம்பரைக் கொடுத்து, "அணைச்சதும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

நாலு மணி. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டிரவுசர். போனை நேராக நிறுத்திவைத்து, சிரிப்பைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

டேட்டாவை அணைத்தவர்கள் வாட்ஸ்அப் மெசேஜா அனுப்ப முடியும்? போன் அடித்தது.

"தம்பி, அணைச்சுட்டேன்!" மாடிவீட்டுத் தையல்காரம்மா.

"சரிக்கா, வைங்கக்கா!"

அவருடையது அரதப் பழைய போன். கால் வந்தால் டேட்டா மரியாதையாக ஒதுங்கி நின்றுவிடும். வைத்தபின் வட்டம் சுற்றத் தொடங்கும். சுற்றி முடிவதற்குள் அடுத்த கால்.

"பல் டாக்டர் பேசுறேன். வீட்ல மூணு போன், மூணும் ஆஃப். திருப்திதானே?"

"ரொம்பத் திருப்தி டாக்டர், வைங்க!"

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் மட்டும் அணைக்க மாட்டேங்குறார். இருங்க, போனைக் கொடுக்கறேன், நீங்களே நாலு வார்த்தை கேளுங்க."

நாலேகாலுக்கு மேல், தெரிந்த நம்பர் தெரியாத நம்பர் என்று பார்க்காமல் வெட்டத் தொடங்கினார். விடாமல் அடித்த ஒன்றை மட்டும் எடுத்து, எதிர்முனை "ஹலோ" சொல்லும் முன்பே, "வைய்யா போனை! உன்னாலதான்யா என் வேலையே போகுது!" என்று கத்தித் தீர்த்தார்.

பிறகு பரம அமைதி. சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. வீடியோ மட்டும் வரவில்லை.

நாலரைக்கு மறுபடி போன் அடித்தது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததால் மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல்.

"பெயிண்ட் கம்பெனி ரிசப்ஷன்லேருந்து பேசுறேன் மேடம். உங்க வீட்டுக்காரருக்கு வேலை உறுதின்னு தன் வாயாலேயே சொல்லணும்னு எங்க முதலாளி நாலு மணியிலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். 'வைய்யா போனை'ன்னு சொன்னது யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னார்."