புதன்கிழமைக் குற்றவாளி

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அனைவரும் நலம்தான், என்னைத் தவிர. நேற்று மதியத்திலிருந்து சோறு இறங்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு மேலாளர் என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். வேலை போய்விடும் என்றே நினைக்கிறேன். நம் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் கேட்கிறேன்: அதனிடம் சொன்ன பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா?

அட்டைப்பெட்டி செய்யும் எங்கள் வரிசையில் நான்கு பேர். பெரியவர் அட்டையை இயந்திரத்துக்குள் விடுவார், நான் பசை உருளையைப் பார்த்துக்கொள்வேன், பாடகர் (பாட வராது, ஆனால் நிறுத்தவும் மாட்டார்) மடிப்பைச் சரிபார்ப்பார், நெட்டையன் கடைசியில் நின்று அடுக்குவான். எனக்கு அவர்கள் வைத்த பெயர் தொடைநடுங்கி. காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரோடு என்னைப் பார்த்தவர் நீங்கள். அட்டை சிக்கி இயந்திரம் நின்றால் சூப்பர்வைசர் ஓடி வந்து "யாருய்யா பண்ணது?" என்பார். நான்கு பேரும் ஒரே குரலில் "நாங்கதான் சார்" என்போம். நான்கு பேரையும் துரத்திவிட்டால் பெட்டியை அவரா செய்வார்? தொண்டை வற்றக் கத்திவிட்டுப் போய்விடுவார். பதினோரு வருடம் இப்படித்தான் ஓடியது. ஒருமுறை என் சட்டைக் கை உருளைக்குள் மாட்டியபோது பெரியவர் பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தி, என் காலரைப் பிடித்து இழுத்தார். அரை நாள் வேலை கெட்டது. அன்றைக்கும் "நாங்கதான் சார்". இந்தக் கையால் எழுதுகிறேன் என்றால் அவரால் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் வரிசையில் ஒரு தொடுதிரையை மாட்டினார்கள். அதில் எங்கள் நான்கு பேருடைய படம். (என் படத்தில் கண் மூடியிருக்கிறது, கேமரா மின்னல் அடித்ததும் பயந்துவிட்டேன்.) இயந்திரம் நின்றால் திரை கேட்கும்: தவறு யாருடையது? ஒரு முகத்தைத் தொட்டால்தான் இயந்திரம் மறுபடி ஓடும். "நாங்கதான்" என்று தொட அதில் இடமே இல்லை. நான்கு முகத்தையும் நான்கு பேர் சேர்ந்து தொட்டுப் பார்த்தோம். ஒருவரை மட்டும் தேர்வு செய்க என்றது. சூப்பர்வைசரிடம் அழுது காரியம் சாதிக்கலாம், இதனிடம் என்ன செய்வது? முதல் முறை நின்றபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஏழு நிமிடம் நின்றோம். பதினோரு வருடத்தில் நாங்கள் அப்படிப் பார்த்துக்கொண்டதே இல்லை, மச்சான்.

தேநீர் இடைவேளையில் பாடகர்தான் வழி சொன்னார். "ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்குவோம். யார் பண்ணாலும் அன்னைக்கு உள்ளவன் மூஞ்சிதான். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க, தொடைநடுங்கி, நீ புதனை வச்சுக்கோ." திங்கள் பெரியவர், செவ்வாய் பாடகர், வியாழன் நெட்டையன். வெள்ளிக்கிழமை இயந்திரத்தைக் கழுவுவதால் குற்றவாளி தேவையில்லை, சனி ஞாயிறு விடுமுறை. நிம்மதியாக இருந்தோம். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் உள்ள கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை, எங்களைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. போன வாரம் உங்கள் தங்கையின் போனுக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு செய்தி: "உங்கள் கணவரின் கவனம் புதன்கிழமைகளில் சிதறுகிறது. செவ்வாய் இரவு வீட்டில் சச்சரவைத் தவிர்க்கவும்." அவள் என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டாள். "செவ்வாக்கிழமை அப்படி என்ன சச்சரவு பண்ணேன் நான்? ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க, எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?" உண்மையைச் சொல்லக்கூடாது என்று நான்கு பேரும் பேசி வைத்திருப்பதால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். இந்தச் செவ்வாய் இரவு அவள் சச்சரவைத் தவிர்க்க வாயே திறக்கவில்லை. அந்த அமைதியில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த நாள், அதாவது நேற்று, பெரியவர் ஒரு கட்டு அட்டையைத் தலைகீழாக உள்ளே விட்டுவிட்டார். பாவம், இப்போதெல்லாம் அவருக்குக் கண் சரியில்லை. பசை தரையெல்லாம் ஓடி, நாற்பது நிமிடம் இயந்திரம் நின்றது. புதன் ஆயிற்றே, என் முகத்தைத் தொட்டேன். மாலையிலேயே மேலாளரின் அழைப்பு. "நானே போய்ச் சொல்லிடறேம்ப்பா" என்று பெரியவர் கிளம்பினார், நான்தான் மறித்தேன். வீரம் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்னால் அவர் வேலை போகும், கிழமைக் கணக்கு வெளியே வந்தால் நான்கு பேர் வேலையும் போகும், சொல்லாவிட்டால் என்னுடையது மட்டும். எப்படிப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. அந்த மூன்று பேர் இல்லாத இடத்தில் எனக்கு நிற்கத் தெரியாது, மச்சான். உங்கள் பக்கத்தில் திரை மாட்டாத தொழிற்சாலை ஏதாவது இருந்தால், காவலாளி வேலையானாலும் சரி, சொல்லி வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. இரண்டும் மனதாரச் சொன்னவை. உங்கள் தங்கை இதைப் பற்றிக் கேட்டால் கடிதமே வரவில்லை என்று சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், வேலையும் தேட வேண்டாம். மேலாளர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். மற்ற மூவரும் தங்கள் முகத்தைத் தொடச் சராசரியாகப் பதினான்கு நொடி யோசிக்கிறார்களாம். நான் இரண்டே நொடியில் தொட்டுவிடுகிறேனாம். இந்தத் தொழிற்சாலையிலேயே நேர்மையான ஆள் நான்தான் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கிறது. அது பயம் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. திங்கள் முதல் திரை என் பொறுப்பு. ஒவ்வொரு தவறையும் நான் நேரில் பார்த்து, யாருடையது என்று நானே தொட வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. என் படத்தை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று முகம்தான் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னபோது பாடகர் பாட்டை நிறுத்திவிட்டார், நெட்டையன் என்னை "சார்" என்றான். பெரியவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் மூஞ்சியத் தொடறப்போ கொஞ்சம் மெதுவாத் தொடுப்பா."