கிலோமீட்டர் அண்ணாச்சி

தூத்துக்குடியில் எந்தக் கடிகாரமும் தப்பாக ஓடலாம். கிலோமீட்டர் அண்ணாச்சி சொன்ன நேரம் தப்பாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுமதி வாங்கித் தரும் அலுவலகத்தில் அவர் மூத்த குமாஸ்தா. எனக்கு எதிர் நாற்காலி.

லாரி விளாத்திகுளத்தைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தால் போதும். தூரத்தை வேகத்தால் வகுத்து, டிரைவர் டீ குடிக்கும் பன்னிரண்டு நிமிடத்தையும் கூட்டி, "பதினொன்னு நாப்பதுக்குத் துறைமுகக் கேட்டுல நிப்பான்" என்பார். நிற்பான். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வேனும் பெண் வீட்டு வேனும் ரயில்வே கேட்டருகே எதிரெதிரே சந்திக்கும் என்று கணக்குச் சொன்னார். அப்படியே சந்தித்தன. யார் ஒதுங்குவது என்று சண்டை வந்ததுதான் அவர் கணக்கில் வராதது.

ஒரு சனிக்கிழமை காலை அவர் தம்பி அந்தோணி கடலிலிருந்து போனில் கூப்பிட்டார். அவரும் இன்னும் இரண்டு பேரும் மீன்பிடிக்கப் போன வள்ளத்தில் ஆறு மணிக்கே இன்ஜின் நின்றுவிட்டது. நின்ற இடத்தைச் சொன்னதும் போன் அணைந்தது. அண்ணாச்சி ஒரு தாளைத் திருப்பிப் போட்டார். நீரோட்டம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர், தெற்கே. தேடிப்போகும் விசைப்படகு பன்னிரண்டு மணிக்குத்தான் அங்கே சேரும். அதற்குள் வள்ளம் பன்னிரண்டு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். அதை எழுதி, போனில் படகுக்காரர்களுக்குச் சொன்னார்.

அவர் சொன்ன இடத்திலேயே வள்ளம் கிடைத்தது. அதில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிந்ததும் கரை கிட்டத்தில் என்று நம்பி, காலிக் கேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தோணி பத்து மணிக்கே குதித்திருக்கிறார். மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது.

அடக்கம் முடிந்த மறுவாரம் அண்ணாச்சி வேலைக்கு வந்தார். மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்தே இருந்தார். ரெண்டு பேரு உங்களாலதான் பிழைச்சாங்க என்று நான் மெல்லச் சொன்னேன்.

அண்ணாச்சி சொன்னார்: "நான் வள்ளத்துக்குத்தாம்ளா கணக்குப் போட்டேன். அவன் நீந்துவாம்னு நினைக்கலையே."

என் டிபன் மூடியில் பாதிச் சோற்றை வைத்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் கடைசிக் கவளத்தை விழுங்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.