தேரைக்குக் கொடுத்த அடைக்கலம்

அடைக்கலம் அளிப்போர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. வாடி வரும் உயிர்க்கெல்லாம் இடம் தருவார்கள். தந்த இடத்தில் அது இருக்கிறதா என்று மணிக்கொரு முறை பார்க்காவிட்டால் மட்டும் அவர்களுக்குச் சோறு இறங்காது.

இவ்வினத்தின் சிறந்த மாதிரி, ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர். வாசலில் மாட்டும் 'உயிர்த் தோட்டம்' என்னும் பலகையைத் தோட்டக் கழகம் சென்ற ஆண்டு இவருக்கு மறுத்துவிட்டது. "ஓர் உயிரும் தென்படவில்லை" என்ற அந்தக் கடிதம், அது வந்த உறை, அதற்கு இவர் விடுத்த பதினொரு பதில்கள், பதில் வராததைக் குறித்த நினைவூட்டல்கள் யாவும் கோப்பில் பத்திரமாக உள்ளன. விடுவாரா? எந்தப் பருவத்திலும் பசுமை மாறாமல் தரையோடு தரையாய்ப் படரும் கொடியொன்றை வாங்கி, நூல் பிடித்து, சாணுக்கொன்றாக நட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் எண்ணிட்ட குச்சி ஊன்றினார். கொடி படர்ந்தது. அதன் ஈர நிழலில் ஒரு தேரை குடியேறியது.

வந்தது வினை. காலையில் இலையை விலக்கித் தேரையை அளந்தார். நண்பகலில் விலக்கிப் படமெடுத்தார். மாலையில் விலக்கி, இது காலையில் பார்த்த தேரைதானா என்று ஒப்பிட்டுச் சரிபார்த்தார். கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கும் கடவுள்கூடக் கல்லைப் புரட்டி வருகைப்பதிவு எடுப்பதில்லையே!

"ஏங்க, அது பாவம், கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டுமே," என்றார் மனைவி.

"நிம்மதியா இருக்கான்னுதானே பாக்குறேன்!"

கழகத்தார் பார்வையிட வந்த நாளில், கொடிக்கடியில் குச்சிகள் மட்டுமே இருந்தன. வேலிக்கு அப்பால், வாழ்நாளில் ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியறியாத தையற்காரரின் கொல்லையிலோ, வேலியடியில் நுழைந்து தன்போக்கில் படர்ந்த அதே கொடியின் கீழ் அதே தேரை, அதன் சுற்றத்தார், நத்தைகள், இரண்டு அரணைகள். பலகை அங்கே போயிற்று.

"அம்மா, நான் ஒண்ணுமே பண்ணலீங்களே!" என்று பதறினார் தையற்காரர்.

"அதுக்குத்தாங்க குடுக்கிறோம்," என்றார் கழகத் தலைவி.

நம்மவர் இப்போது மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறார். கொடி தம்முடையது, ஆகவே தேரையும் தம்முடையது; சான்றாக நாற்பத்திரண்டு படங்கள் இணைப்பு. ஒன்றிலாவது தேரையின் முகம் இருக்கிறதா என்றால், இல்லை. எல்லாவற்றிலும் தாவி ஓடும் முதுகுதான்.

சிரிக்கிறீர்கள், நல்லது. தேர்வுக்குப் படிக்கும் உங்கள் மகளின் அறைக்கதவை, அவள் படிக்கிறாளா என்று பார்க்க, இன்று எத்தனை முறை திறந்தீர்கள்? திறந்தபோது தெரிந்தது முகமா, முதுகா?